‘இன்ஜின் மாற்றியாச்சு’ என்கிறாரா? பழைய காப்புறுதித் தாளைக் கேளுங்கள்

பழைய கார் பார்க்கப் போனவர்கள் ஒருமுறையாவது இதைக் கேட்டிருப்பார்கள்: “இன்ஜின் மாத்தியாச்சு அண்ணே, கண்ணை மூடிக்கிட்டு காடிய எடுக்கலாம்.” கார் 15, 20 ஆண்டு ஓடியதாக இருக்கும். சாயம் மங்கியிருக்கும், இருக்கை கிழிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காகவே விலையில் இரண்டாயிரம், மூவாயிரம் ரிங்கிட் ஏறி நிற்கும். வாங்குகிறவரும் பானெட்டைத் திறந்து பார்த்து, உள்ளே பளபளவென்று இருந்தால் தலையாட்டிவிடுவார்.

என் சித்தப்பா மகன் அப்படித்தான் ஒரு புரோட்டோன் வீரா 1.5-க்கு முன்பணம் கொடுத்தான். தோட்டத்து வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போய்வர அவனுக்கு ஒரு கார் கட்டாயம் தேவைப்பட்டது. மோட்டார் சைக்கிளில் மழையில் போய் ஒருமுறை விழுந்தும் இருந்தான். விற்றவர் இன்ஜின் மாற்றியதாகச் சொன்னது பொய்யல்ல. உண்மையாகவே மாற்றியிருந்தார். சிக்கல் அதிலிருந்துதான் தொடங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் ஊரில் ‘இன்ஜின் மாத்தியாச்சு’ என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று நான்கு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. பழைய இன்ஜினை முழுதாக இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றுவது ஒன்று. அதே இன்ஜினைப் பிரித்து பிஸ்டன் ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டுப் பூட்டுவது இன்னொன்று. இதைத்தான் ஓவர்ஹால் என்கிறோம். மேலே உள்ள ஹெட்டை மட்டும் கழற்றி வால்வு, சீல், கேஸ்கெட் மாற்றுவது டாப் ஓவர்ஹால். நான்காவதாக ஒன்று உண்டு. வால்வு மூடிக்குச் சாயம் அடித்து, இன்ஜின் அறையை உயர் அழுத்தத் தண்ணீரில் கழுவி, ரப்பர் குழாய்களுக்குப் பளபளப்பு எண்ணெய் தடவுவது. செலவில் இந்த நான்குக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘பிளாக் மாற்றினீர்களா, ஓவர்ஹால் செய்தீர்களா?’ என்பதுதான். இதற்கு நேராகப் பதில் சொல்பவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

பிளாக் மாறியது என்றாலும் ‘மாற்றிய இன்ஜின்’ வேறு, ‘புது இன்ஜின்’ வேறு. நம் நாட்டில் பழைய கார்களுக்கு ஏற்றப்படும் இன்ஜின்களில் பெரும்பாலானவை ஹாஃப் கட் கடைகளிலிருந்து வருபவை. ஜப்பானில் ஓடி முடித்த காரின் முன்பாதியை வெட்டி இறக்குமதி செய்து, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரித்து விற்பார்கள். மைவி 1.3-க்கும் தோயோத்தா பாசோவுக்கும் ஒரே கே3-விஇ இன்ஜின் என்பதால், பாசோவின் இன்ஜின் மைவிக்குள் வந்து உட்காருவது சாதாரணம். அது ஜப்பானில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது கடைக்காரருக்கும் பெரும்பாலும் தெரியாது. உங்கள் காரின் மீட்டர் காட்டுவது காரின் ஓட்டத்தைத்தான். மாற்றி வைத்த இன்ஜினுக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை.

எண் சொல்லும் கதை

ஒவ்வொரு இன்ஜின் பிளாக்கிலும் ஒரு எண் குத்தப்பட்டிருக்கும். அதே எண், நாம் ‘கெரான்’ என்று சொல்லிப் பழகிய வாகன உரிமைச் சான்றிதழிலும் இருக்கும். பக்கத்திலேயே சேசிஸ் எண்ணும் இருக்கும். இன்ஜினை மாற்றலாம், சேசிஸ் எண் காரின் உடம்போடு பிறந்தது, மாறவே கூடாது.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். கெரானில் உள்ள எண்ணும் பிளாக்கில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் ‘எல்லாம் சரி’ என்று நினைத்துவிடுகிறார்கள். காரைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் விற்பவர் இன்ஜின் மாற்றியதாகச் சொல்கிறாரே, அப்படியானால் இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? முறையாக மாற்றி, ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையில் புதிய எண்ணைப் பதிவு செய்திருந்தால் ஒன்றாக இருக்கும். இல்லையென்றால் பிளாக் மாறவே இல்லை, அதிகம் போனால் ஓவர்ஹால்தான். மூன்றாவது சாத்தியமும் உண்டு: வேறு பிளாக்கை வைத்து, அதில் பழைய எண்ணையே யாரோ குத்தியிருப்பார்கள். அது குற்றம்.

இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி, பலருடைய வீட்டு அலமாரியிலேயே கிடக்கிறது. பழைய காப்புறுதித் தாள். ஒவ்வோர் ஆண்டும் காப்புறுதி புதுப்பிக்கும்போது தரப்படும் கவர் நோட்டில் இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் அச்சாகியிருக்கும். ‘போன வருசம் மாத்தினேன்’ என்கிறவரிடம் அதற்கு முந்தைய ஆண்டுகளின் கவர் நோட்டு ஒன்றைக் கேளுங்கள். அதில் உள்ள இன்ஜின் எண்ணும் இப்போதைய கெரானில் உள்ள எண்ணும் வேறு வேறாக இருந்து, சேசிஸ் எண் மட்டும் ஒன்றாக இருந்தால், இன்ஜின் மாறியதும் உண்மை, பதிவு செய்ததும் உண்மை. இரண்டு தாளிலும் இன்ஜின் எண் ஒன்றுதான் என்றால், பதிவேட்டைப் பொறுத்தவரை அந்தக் காரில் இன்னும் பழைய இன்ஜின்தான் இருக்கிறது.

கவர் நோட்டைத் தூக்கிப் போட்டிருந்தால், கார் வாங்கிய காலத்துக் கடன் ஒப்பந்தம், முதல் விற்பனை ரசீது, பழைய பரிசோதனை அறிக்கை ஆகியவற்றிலும் இந்த எண்கள் இருக்கக்கூடும். ஒரே உரிமையாளரிடம் இருந்த காருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். நான்கைந்து கை மாறிய காருக்குத்தான் கஷ்டம்.

பிளாக்கில் எங்கே தேடுவது?

எண் இருக்கும் இடம் காருக்குக் கார் மாறும். பெரும்பாலும் ஹெட் உட்காரும் விளிம்புக்குச் சற்றுக் கீழே, அல்லது பிளாக்கும் கியர்பாக்ஸும் சேரும் பக்கத்தில், சமமாகச் சீவிய ஒரு சிறு தளத்தில் குத்தியிருப்பார்கள். எண்ணெயும் தூசும் சேர்ந்து மூடியிருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். கண்ணுக்கு எட்டாத இடமென்றால் கைப்பேசியை உள்ளே நீட்டிப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். இடம் தெரியவில்லை என்றால் அந்த ரகக் காரை அடிக்கடி பார்க்கும் ஃபோர்மன் ஒரு நிமிடத்தில் காட்டிவிடுவார்.

மிட்சுபிஷி வழிவந்த பழைய புரோட்டோன்களில் எண்ணோடு இன்ஜின் வகையும் சேர்ந்தே இருப்பது ஒரு வசதி. வீரா 1.3-க்கு 4ஜி13, வீரா 1.5-க்கு 4ஜி15, வாஜா 1.6-இன் முதல் ரகத்துக்கு 4ஜி18. வீரா 1.5 கெரானைக் கையில் வைத்துக்கொண்டு பிளாக்கில் 4ஜி13 என்று பார்த்தால் மேலே எதையும் சரிபார்க்க வேண்டியதில்லை.

எண்ணைப் படித்தால் மட்டும் போதாது. அந்தத் தளத்தையும் பாருங்கள். தொழிற்சாலையில் குத்திய எழுத்துகள் ஒரே உயரம், ஒரே ஆழம், ஒரே வரிசை. கையால் சுத்தியலில் அடித்தவை ஏறி இறங்கி நிற்கும். 3-ஐ 8 ஆக்கினால் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் இருக்கும். தளத்தில் அரைத்த கீறல்கள், அந்த ஒரு இடத்தில் மட்டும் புதுச் சாயம், சுற்றிலும் துருப்பிடித்திருக்க எண் மட்டும் வெள்ளையாக மின்னுவது, எண்ணே இல்லாத மொட்டைத் தளம் எல்லாமே அபாய அறிகுறிகள். இதில் ‘விலை குறைத்துக் கேட்கலாம்’ என்ற கணக்கே வேண்டாம். அந்த இன்ஜின் திருட்டுக் காரிலிருந்து வந்திருந்தால் போலீஸ் தேடி வருவது கடைசியாக வாங்கியவர் வீட்டுக்குத்தான்.

சேசிஸ் எண்ணையும் அப்படியே பாருங்கள். பல கார்களில் அது இன்ஜின் அறையின் பின்சுவரில் இருக்கும், சிலவற்றில் முன் இருக்கைக்கு அடியில். அதைச் சுற்றி வெல்டிங் தடம் தெரிந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

‘ஒரே சிசி தானே’ என்ற சமாதானம்

பதிவு செய்யாமல் விட்டவர்கள் சொல்லும் காரணம் இது. ‘660-ஐ எடுத்துட்டு 660 தானே போட்டேன், சாலை வரி மாறாதே.’ கஞ்சில் வைத்திருந்தவர்களிடம் இதை நிறையக் கேட்கலாம். அந்தச் சின்ன உடம்புக்குள் டைஹாட்சு மீராவின் டர்போ இன்ஜினை வைத்து ஓட்டாத இளைஞர் பட்டாளம் ஒரு காலத்தில் எந்தத் தோட்டத்தில் இல்லை? கொள்ளளவு ஒன்றாக இருந்தாலும் எண் வேறு. எண் மாறினால் அது பதிவுக்குரிய மாற்றம்தான்.

சிசி மாறினால் கணக்கு இன்னும் கெடும். தீபகற்பத்தில் 1.5 லிட்டர் தனியார் காருக்கு ஆண்டுச் சாலை வரி 90 ரிங்கிட். அதே வீராவுக்குள் 1,834 சிசி கொண்ட 4ஜி93 இன்ஜினை ஏற்றினால் வரி 297 ரிங்கிட்டாக இருக்க வேண்டும். 90 ரிங்கிட் கட்டிக்கொண்டு ஓட்டுபவர் மிச்சப்படுத்துவது ஆண்டுக்கு இருநூறு சொச்சம். ஆனால் விபத்து நடந்தால், சொன்ன இன்ஜின் வேறு, இருக்கும் இன்ஜின் வேறு என்று காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க வழி கிடைக்கிறது. மோதிய பென்ஸ் காருக்கு யார் பணம் கட்டுவது?

பதிவு செய்வது பெரிய வித்தையுமல்ல. இன்ஜின் வாங்கிய ரசீது, இறக்குமதி இன்ஜினென்றால் அதற்குரிய சுங்கத் தாள்கள், பரிசோதனை நிலையத்தின் அறிக்கை, கெரான் ஆகியவற்றோடு ஜேபிஜேக்குப் போக வேண்டும். இன்ஜின் வாங்கும்போதே கடைக்காரரிடம் தாள்களைக் கேட்டு வாங்கியவருக்கு இது ஓரிரு நாள் அலைச்சல். கேட்காமல் விட்டவருக்கு, அந்தக் கடையே மூடிப் போன பிறகு, பெரும் பாடு.

தாள் இல்லாவிட்டால் போல்ட் பேசும்

எந்தத் தாளும் இல்லை, ஆனால் மாற்றியது சத்தியம் என்கிறார். அப்போது இன்ஜினையே கேட்க வேண்டியதுதான். ஒரு இன்ஜினை வெளியே எடுக்க வேண்டுமென்றால் அதைத் தாங்கும் மவுண்டிங் போல்ட்டுகள், கியர்பாக்ஸோடு இணைக்கும் போல்ட்டுகள், எக்ஸாஸ்ட் நட்டுகள், ரேடியேட்டர் குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். ஸ்பேனர் பட்ட இடம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். போல்ட்டின் முனைகள் மழுங்கியிருக்கும், சாயம் உரிந்திருக்கும், வாஷர் நகர்ந்து பழைய துரு வட்டம் தெரியும். மாறாக, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் 15 ஆண்டுத் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் கலையாமல் அப்படியே படிந்திருந்தால், அந்த இன்ஜின் வெளியுலகத்தைப் பார்த்ததே இல்லை. மேனுவல் கியர் காரில் கிளட்ச் மாற்றும்போதும் அந்த போல்ட்டுகளைக் கழற்றுவார்கள். ஆகவே ஸ்பேனர் தடம் இருப்பது மட்டுமே சாட்சியாகாது; தடமே இல்லாததுதான் வலுவான சாட்சி.

ஹாஃப் கட் கடையிலிருந்து வந்த இன்ஜினுக்கு வேறு சில அடையாளங்களும் உண்டு. கடைக்காரர்கள் பெயிண்ட் பேனாவால் பிளாக்கிலோ ஹெட்டிலோ குறியீடு எழுதுவார்கள். மஞ்சள், வெள்ளை நிறத்தில் மிச்சம் மீதி இருக்கும். ஜப்பானிய எழுத்தில் ஒட்டிய சிறு தாள்கள் சில நேரம் ஒட்டியபடியே கிடக்கும். ஓவர்ஹால் என்றால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே புதுக் கேஸ்கெட்டின் விளிம்பு, எண்ணெய்த் தொட்டியின் ஓரத்தில் புதுப் பசை தெரியும்.

பார்க்கப் போவதற்கு முதல்நாளே இன்ஜின் அறையைக் கழுவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எண்ணெய் கசியும் இன்ஜினைத்தான் முதலில் கழுவுவார்கள் என்பது என் அனுபவம்.

ரசீதைக் காட்டினால் தொகையைப் பார்ப்பதோடு விடாதீர்கள். தேதி, அன்றைய மீட்டர் எண், காரின் பதிவு எண், இன்ஜின் எண் நான்கும் இருக்கிறதா? பட்டறையின் தொலைபேசி எண்ணுக்கு அங்கேயே அழைத்து, ‘இந்தக் காடிக்கு என்ன வேலை செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். வேலை செய்த ஃபோர்மன் காரை மறந்திருக்கலாம். எவ்வளவு செய்தோம் என்று அவருடைய ரசீதுப் புத்தகம் சொல்லும்.

உயிர் இருக்கிறதா?

இன்ஜின் மாறியது நிச்சயமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மாற்றி வைத்தது நல்ல இன்ஜினா? நீங்கள் போய்ச் சேரும்போது கார் ஆறியிருக்க வேண்டும்; பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்பே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கெட்டியான வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. கேமரன் மலையின் காலைக் குளிரில் முதல் சில நிமிடம் வரும் மெல்லிய ஆவியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எண்ணெய் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கம் பாருங்கள். கோப்பி பால் போலக் குழம்பியிருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

இதற்கெல்லாம் மேலானது கம்ப்ரஷன் சோதனை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியைப் பொருத்தி, இன்ஜினைச் சுழற்றிப் பார்ப்பார்கள். நல்ல பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை காட்டும். எண்ணைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். மூன்று சிலிண்டர் 170, நான்காவது மட்டும் 110 என்றால் அந்த இன்ஜின் ஓவர்ஹால் ஆகியிருக்க வாய்ப்பே இல்லை, அல்லது மோசமாக ஆகியிருக்கிறது. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். அரை மணி நேர வேலை. இதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே ஒரு பதில்.

பரிசோதனை நிலையம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது?

பெயர் மாற்றத்துக்கு முன் செய்யும் பி5 பரிசோதனையில் இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவோடு ஒத்துப் போகிறதா, எண்கள் திருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வங்கிக் கடனில் வாங்கினால் பி7 பரிசோதனையும் உண்டு. அதில் பிரேக், சஸ்பென்ஷன், புகை எல்லாம் சேரும். இரண்டிலுமே இன்ஜினைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். பி5 தேறியது என்பதற்கு ‘இது பதிவில் உள்ள இன்ஜின்தான்’ என்று மட்டுமே பொருள். விற்பவர் பி5 தாளைக் காட்டி ‘கவர்மெண்டே ஓகே சொல்லிட்டான்’ என்றால், அது இன்ஜினின் ஆரோக்கியத்துக்கான சான்று அல்ல.

ஆனால் பணம் கை மாறுவதற்கு முன் பி5-ஐ முடித்துவிட வேண்டும். என் சித்தப்பா மகன் சறுக்கியது இங்கேதான். முன்பணம் 1,500 ரிங்கிட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு பரிசோதனைக்குப் போனான். பிளாக்கில் ஒரு எண், கெரானில் ஒரு எண். பரிசோதனை தேறவில்லை. இன்ஜின் உண்மையாகவே மாறியிருந்தது, நன்றாகவும் ஓடியது. விற்றவர் பதிவு செய்யவே இல்லை. ஹாஃப் கட் கடையில் வாங்கியதற்கு அவரிடம் இருந்தது கையால் எழுதிய ஒரு துண்டுத் தாள் மட்டும்.

கார் வியாபாரியிடம் வாங்கி ஏமாந்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள், கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. இவனுக்கு அந்த வழியும் இல்லை. விற்றவர் வியாபாரி அல்ல. பக்கத்துத் தாமானில் இருந்த ஒரு தனியாள். நடுவர் மன்றம் வியாபாரிகளுக்கு எதிரான கோரிக்கையைத்தான் ஏற்கும்.

அவனைக் காப்பாற்றியது முன்பணத் தாளில் இருந்த ஒரு வரி. ‘பி5 தேறாவிட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்’ என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும் என அவன் அக்கா பிடிவாதம் பிடித்திருந்தார். அன்றைக்கு அவன் வெட்கப்பட்டுக்கொண்டேதான் அதை எழுதச் சொன்னானாம். பணம் மூன்று தவணையில், நான்கு மாதத்தில் திரும்பி வந்தது. அந்த வீரா இப்போதும் அதே வீட்டு வாசலில் நிற்கிறது, இன்னும் பதிவாகாத இன்ஜினோடு.